ஸ்லாஷர் படம் பார்க்கப் பழகுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முகமூடி அணிந்த ஒருவனோ முகத்தையே காட்டாத ஒருவனோ, ஒதுக்குப்புறமான ஓரிடத்தில் கூடியிருக்கும் இளைஞர்களை மறைந்திருந்து கவனித்து, கத்தி, கோடரி போன்ற ஆயுதங்களால் ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே வருகிறான். கடைசியில் மிஞ்சும் ஒரு பெண் அவனை எதிர்த்து நிற்கிறாள். ஸ்லாஷர் என்று அழைக்கப்படும் திகில் படங்களில் பெரும்பாலானவற்றின் கதை இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். அதனாலேயே, புதிதாகப் பார்க்க வருபவர் இரண்டு படங்களோடு “எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது” என்று விலகிவிடுகிறார். பல ஆண்டுகளாக நான் விரும்பிப் பார்த்துவரும் இந்த வகையை யாரும் அவ்வளவு சீக்கிரம் கைவிட்டுவிடக் கூடாது என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

பார்க்கும்போது மனத்தில் வைத்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் எடுக்கப்பட்ட இந்தப் படங்களில் நாம் இன்று மரபு என்று கருதுபவற்றில் பெரும்பகுதி, பணம் இல்லாத இடத்தில் பிறந்தது. பெயர்பெற்ற நடிகர்களுக்குக் கொடுக்கக் காசில்லை என்பதால் அறிமுகமற்ற இளைஞர்கள் நடித்தார்கள். அரங்கு அமைக்க வழியில்லை என்பதால் ஒரே வீட்டிலோ ஒரே முகாமிலோ முழுக்கதையும் நடந்தது. இரவில் நடப்பதாக வைத்துக்கொண்டால், விளக்கு விழாத மூலைகளைக் கட்டவோ அலங்கரிக்கவோ வேண்டியதில்லை. கையில் காசில்லாத இயக்குநர்கள் அன்றாடம் சந்தித்த நெருக்கடிகளுக்குக் கண்டுபிடித்த விடைகளே பிறகு மரபுகளாக உறைந்தன. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், எந்த இயக்குநர் தானே யோசித்து விடை கண்டார், எவர் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதினார் என்பது சில படங்களுக்குள்ளேயே பிடிபட்டுவிடும்.

இவை வயதுவந்தோருக்கான படங்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலைகாரர் யார் என்பதை மறைத்துவைக்கும் படங்களில், அந்த விடையை இங்கே நான் வெளியிடவில்லை.

எந்தப் படத்திலிருந்து தொடங்குவது

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’விலிருந்து (1960) தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. தம் தொலைக்காட்சித் தொடரின் குழுவை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில், சுமார் 8 லட்சம் டாலரில் ஹிட்ச்காக் எடுத்த அந்தப் படம் இந்த வகையின் பாட்டன் என்பது உண்மைதான். ஆனாலும், புதியவர் முதலில் பார்க்க வேண்டியது ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) என்பதே என் முடிவு. மரபுகள் அனைத்தும் ஒரே இடத்தில், மிகத் தெளிவான வடிவில், மிகக் குறைந்த ரத்தத்தோடு கிடைப்பது அந்தப் படத்தில்தான்.

சுமார் 3 லட்சம் டாலர் செலவில், ஏறத்தாழ மூன்று வாரங்களில் எடுக்கப்பட்ட படம் அது. கதை நடப்பது இல்லினாய் மாநிலத்தின் கற்பனை ஊர் ஒன்றில், அக்டோபர் மாத இறுதியில். படப்பிடிப்பு நடந்ததோ கலிஃபோர்னியாவின் சவுத் பசடேனாவில், வசந்த காலத்தில். உதிர்ந்த இலைகள் வேண்டும் என்பதற்காகச் செயற்கை இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் அவற்றையே பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். உற்றுப் பார்த்தால், இல்லினாயில் வளர வாய்ப்பே இல்லாத பனைவகை மரங்கள் சில ஷாட்டுகளின் ஓரத்தில் நிற்பதைக் காணலாம். கொலையாளியின் முகமூடியும் அப்படித்தான் பிறந்தது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் விண்வெளிக் கப்பல் தலைவர் முகம் கொண்ட, 2 டாலருக்கும் குறைவான கடைச்சரக்கு அது. கலை இயக்கத்தையும் படத்தொகுப்பில் ஒரு பங்கையும் கவனித்த டாமி லீ வாலஸ் அதன் புருவத்தையும் கிருதாவையும் நீக்கி, கண் துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளைச் சாயம் அடித்தார். உணர்ச்சி எதுவும் தங்காத அந்த வெளுத்த முகம் போல ஒன்றைப் பெரும்பணம் செலவழித்து வடிவமைத்திருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே. இந்தப் படம் உலகெங்கும் சுமார் 7 கோடி டாலர் ஈட்டியது. அந்தக் கணக்கைப் பார்த்த சிறு தயாரிப்பாளர்கள் அடுத்த சில ஆண்டுகளில் எடுத்துத் தள்ளியவைதான் இந்த வகையின் பெருங்குவியல்.

பார்ப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டிய இரண்டு

முதலாவது, படச்சட்டத்தின் அகலம். ‘ஹாலோவீன்’ அகலத்திரைக்காக எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் டீன் கண்டியும் கார்பென்டரும் கொலையாளியைப் பல இடங்களில் சட்டத்தின் விளிம்பில், பேசிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு வெகு தொலைவில், பாதி மறைவாக நிறுத்தியிருக்கிறார்கள். பழைய தொலைக்காட்சித் திரைக்காக இருபுறமும் வெட்டப்பட்ட பிரதியில் அந்த விளிம்பே இருக்காது, அவனும் இருக்கமாட்டான். நான் முதன்முதலில் பார்த்தது அப்படி வெட்டுண்ட பிரதியைத்தான் என்பதால், இதில் ஏன் இத்தனை பேர் பயந்தார்கள் என்பது எனக்கு வெகுகாலம் புரியாமலே இருந்தது. திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிந்தால் சரியான பிரதி என்று கொள்ளலாம்.

இரண்டாவது, படத்தின் நீளம். அமெரிக்கத் தரச்சான்று அமைப்பு விநியோகத்தை முடக்கக்கூடிய எக்ஸ் சான்றை வழங்கிவிடுமோ என்று அஞ்சி, பல தயாரிப்பாளர்கள் கொலைக்காட்சிகளைக் கத்தரித்தே வெளியிட்டார்கள். 1981-இல் வெளிவந்த கனடியப் படமான ‘மை பிளடி வேலன்டைன்’ இவ்வாறு கடுமையாக வெட்டப்பட்டது. நீக்கப்பட்டவற்றில் சுமார் 3 நிமிடக் காட்சிகள் 2009-ஆம் ஆண்டு வெளியீட்டில்தான் மீண்டன. ஆகவே, பார்க்கத் தொடங்குமுன் ஓடும் நேரத்தை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ‘ஹாலோவீன்’ 91 நிமிடம். ‘தி டெக்ஸாஸ் செயின் சா மாஸகர்’ 83 நிமிடம். ‘ஃப்ரைடே தி தேர்டீன்த்’ 95 நிமிடம். ஓரிரு நிமிட வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம்; அதற்கு மேல் குறைந்தால் வேறு பிரதியைத் தேடுங்கள்.

கேமரா யாருடைய கண்

முதல் முறை, விளக்கை அணைத்துவிட்டு, இடையில் நிறுத்தாமல், எதையும் ஆராயாமல் பாருங்கள். பயப்பட வேண்டிய படத்தைப் பயந்து பார்ப்பதே முதற்கடமை. ஆராய்ச்சியெல்லாம் இரண்டாம் முறைக்கு உரியது.

இரண்டாம் முறை பார்க்கும்போது தொடக்கக் காட்சியிலேயே நின்று கவனியுங்கள். ஒரு வீட்டை வெளியிலிருந்து யாரோ பார்க்கிறார்கள், சுற்றி வருகிறார்கள், உள்ளே நுழைந்து கத்தியை எடுக்கிறார்கள், மாடிப்படி ஏறுகிறார்கள். உடலோடு பிணைத்துக்கொண்டு நடந்தபடியே படம்பிடிக்க உதவும் கருவியால், ஒரே மூச்சில் எடுத்தது போலத் தோன்றும் நீண்ட ஷாட் அது. நாம் கொலையாளியின் கண்ணுக்குள் இருக்கிறோம், ஆனால் அவன் யாரென்று நமக்குத் தெரியாது. இதில் ஒளிந்திருக்கும் சிக்கனத்தைப் பாருங்கள். கொலையாளியைக் காட்டாதபோது அவனுக்கு நடிகர் வேண்டாம், ஒப்பனை வேண்டாம், உடை வேண்டாம். ஒரு கை போதும். அந்தக் காட்சியில் கத்தியை எடுக்கும் கை, படத்தின் இணை எழுத்தாளரும் தயாரிப்பாளருமான டெப்ரா ஹில்லுடையது.

இந்த உத்தியைக் கார்பென்டர் கண்டுபிடிக்கவில்லை. பாப் கிளார்க் கனடாவில் இயக்கிய ‘பிளாக் கிறிஸ்துமஸ்’ (1974) இதே போல, ஒரு வீட்டைச் சுற்றிவந்து மேலேறும் மூச்சிரைப்போடுதான் தொடங்குகிறது. நீங்கள் பார்க்க வேண்டிய இரண்டாவது படமாக அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், கிளார்க்கின் கேமரா தடுமாறி ஏறுவதும் கார்பென்டரின் கேமரா வழுக்கிச் செல்வதும் எவ்வளவு வேறான அச்சத்தைத் தருகின்றன என்பது விளங்கும்.

பார்வைக்கோணம் வரும் ஒவ்வொரு முறையும், அது உண்மையிலேயே கொலையாளியின் பார்வைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல இயக்குநர் சில நேரம் அப்படியொரு ஷாட்டை வைத்துவிட்டு, அதே ஆளைச் சட்டத்தின் இன்னொரு மூலையில் காட்டி நம்மை ஏமாற்றுவார். பிறரைப் பார்த்து எழுதியவரோ, புதருக்குப் பின்னால் கேமராவை வைத்து இலைகளை அசைத்துவிட்டு, அங்கே யாரும் இருந்ததாகவே பிறகு காட்டமாட்டார்.

ஒலியை அணைத்துப் பாருங்கள்

மூன்றாவதாகச் செய்ய வேண்டியது ஒரு சிறு சோதனை. ‘ஹாலோவீன்’ படத்தின் கடைசி இருபது நிமிடங்களை ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு பெண் தெருவைக் கடக்கிறாள், கதவைத் தட்டுகிறாள், ஓடுகிறாள். ஒருவன் நிதானமாக நடக்கிறான். அச்சம் பெருமளவு வற்றிப்போயிருக்கும். இசை சேர்க்கப்படாத பிரதியைப் பார்த்த ஸ்டூடியோ அதிகாரி ஒருவர் சற்றும் பயப்படவில்லை என்றும், இசை சேர்த்த பிறகே அவர் கருத்து மாறியது என்றும் கார்பென்டர் தாமே கூறியிருக்கிறார். இசையமைப்பாளரை அமர்த்தப் பணம் இல்லாமல், சில நாட்களில் அவரே அமைத்த அந்த இசையின் தாளம் ஐந்து ஐந்தாக எண்ணப்படுவது. நம் செவிக்குப் பழகிய கண்டநடைபோல அது ஓடினாலும், நான்கு நான்காக எண்ணிப் பழகிய மேலைநாட்டுச் செவிக்கு ஒரு படி தவறிவிட்டதைப் போன்ற பதற்றத்தைத் தந்துகொண்டே இருக்கும்.

பிறகு ஷான் கன்னிங்ஹாமின் ‘ஃப்ரைடே தி தேர்டீன்த்’ (1980) படத்துக்குப் போங்கள். திரைக்கதை தயாராகும் முன்பே பெயரை மட்டும் வைத்து வணிக இதழில் விளம்பரம் கொடுத்துவிட்டு, சுமார் 5.5 லட்சம் டாலரில், நியூ ஜெர்சியில் உள்ள சாரணர் முகாம் ஒன்றில் எடுத்த படம் இது. இசையமைத்த ஹாரி மான்ஃப்ரெடினி ஒரு விதியை வகுத்துக்கொண்டார்: கொலைகாரர் அருகில் இருக்கும்போது மட்டுமே இசை வரும். நண்பர்கள் ஒருவரையொருவர் விளையாட்டாகப் பயமுறுத்தும் இடங்களில் இசை கிடையாது. இது தெரிந்த பிறகு அந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டே பின்தொடரலாம். ஒலிவாங்கியில் அவரே கிசுகிசுத்துப் பதிவுசெய்த ‘கி கி கி, மா மா மா’ என்ற ஒலிக்கும் பொருள் உண்டு. படம் முடிந்ததும் அது தானாக விளங்கும்.

ரத்தம் எங்கே இருக்கிறது, எங்கே இருப்பதாக நினைக்கிறோம்

நான்காவது படம் டோபி ஹூப்பரின் ‘தி டெக்ஸாஸ் செயின் சா மாஸகர்’ (1974). பார்த்து முடித்தபின், எத்தனை இடங்களில் ஆயுதம் உடலுக்குள் இறங்குவதைக் கண்ணால் கண்டீர்கள் என்று நினைவிலிருந்து எழுதிவையுங்கள். பிறகு அந்தக் காட்சிகளுக்குத் திரும்பிப் போய்ச் சரிபாருங்கள். இறைச்சிக் கொக்கியில் ஒரு பெண் மாட்டப்படும் காட்சியில் கொக்கி உடலில் ஏறுவதை நாம் பார்த்ததாகவே சத்தியம் செய்வோம். திரையில் அது இல்லை. கொக்கியையும் அவள் முகத்தையும் கீழே வைத்த வாளியையும் மட்டும் காட்டி, மிச்சத்தை நம்மையே செய்துகொள்ள வைத்திருக்கிறார் ஹூப்பர். குழந்தைகளும் பெற்றோர் துணையோடு பார்க்கத்தக்க சான்று கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ரத்தத்தைக் குறைத்தார் என்பது இன்று கேட்பவருக்கு வியப்பாக இருக்கும்; அவருக்கு அந்தச் சான்று கிடைக்கவில்லை.

சுமார் 1.4 லட்சம் டாலரில், 16 மில்லிமீட்டர் படச்சுருளில், டெக்ஸாஸின் கோடை வெயிலில் எடுக்கப்பட்ட படம் அது. இரவு உணவுக் காட்சியை, பகல் வெளிச்சம் புகாதபடி சன்னல்களை மூடிவிட்டு, மேசையில் இறைச்சி அழுகிக்கொண்டிருக்க, ஒரு நாளுக்கும் மேலாகத் தொடர்ந்து எடுத்தார்கள். மாற்றுடை இல்லாததால் கொலையாளியாக நடித்த கன்னர் ஹான்சன் ஒரே உடையைத் துவைக்காமலே வாரக்கணக்கில் அணிந்திருந்தார். அந்த மேசையைச் சுற்றியிருக்கும் முகங்களில் தெரியும் களைப்பும் அருவருப்பும் முழுவதும் நடிப்பல்ல என்பதை அறிந்து பார்க்கும்போது எனக்கு இன்றும் அவர்களுக்காக வருத்தமாக இருக்கிறது. சிக்கனம் என்று நாம் பாராட்டும் ஒன்றுக்கு யாரோ உடம்பால் விலைகொடுத்திருக்கிறார்கள்.

இதற்கு நேரெதிர் வழி ஒப்பனைக் கலைஞர் டாம் சவினியுடையது. ‘ஃப்ரைடே தி தேர்டீன்த்’தில் கட்டிலில் படுத்திருப்பவரின் தொண்டையை அடியிலிருந்து ஓர் அம்பு துளைத்து வரும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நடிகர் கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டுத் தலையை மட்டும் மேலே நீட்டியிருக்கிறார். கழுத்தும் மார்பும் போலி. ரத்தம் பாய வேண்டிய கணத்தில் குழாய் கழன்றுவிட, உதவியாளர் அதை வாயில் வைத்து ஊதியதால்தான் ரத்தம் அப்படிக் குமிழியிட்டு வந்தது. இவ்வாறான ஒரு காட்சிக்கு நிறைய நேரம் பிடிக்கும் என்பதால், ஒரு சிறிய படம் தன் ஒப்பனைச் செலவை இரண்டு மூன்று கொலைகளில் கொட்டிவிட்டு மற்றவற்றை நிழலாகவோ, கதவுக்குப் பின்னால் கேட்கும் அலறலாகவோ முடித்துக்கொள்ளும். எந்தக் கொலைக்குச் செலவழித்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். படத்தின் மனம் எங்கே இருக்கிறது என்பது அதிலேயே தெரியும்.

இடமும் நாளும்

இந்தப் படங்களின் பெயர்கள் நாட்காட்டியிலிருந்து பறிக்கப்பட்டவை போல இருப்பதற்கும் காரணம் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த பண்டிகை நாள் என்றால் பெயரை விளக்க வேண்டாம். அலங்காரமும் உடையும் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும். ஆண்டுதோறும் அந்த நாள் வரும்போது படத்தை மறுபடி ஓட்டலாம். கனடாவில் இத்தகைய படங்கள் அவ்வளவு எடுக்கப்பட்டதற்கு இன்னொரு காரணம், சான்றளிக்கப்பட்ட கனடியப் படத்தில் போட்ட முதல் முழுவதையும் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள 1970களில் அந்நாட்டு அரசு அனுமதித்தது. ‘மை பிளடி வேலன்டைன்’ நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் சிட்னி மைன்ஸ் என்ற ஊரில், உண்மையான நிலக்கரிச் சுரங்கத்தில் எடுக்கப்பட்டது. விடுமுறைக்கு வந்த மாணவர்களுக்குப் பதிலாக, வேலை முடிந்து கரி படிந்த முகத்தோடு மதுக்கடைக்குப் போகும் இளம் தொழிலாளர்களை அதில் காண்கிறோம். இந்த வகையில் எனக்கு மிகவும் நெருக்கமான படம் அதுவே.

கடைசிப் பெண்

தப்பிப் பிழைக்கும் பெண்ணுக்கு ‘ஃபைனல் கேர்ள்’ என்று பெயர் வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் கேரல் குளோவர். 1987-இல் வெளிவந்த கட்டுரையில் அதை எழுதினார். கொலையாளியின் கண்ணோடு தொடங்கும் கேமரா, படம் நகர நகர அவள் கண்ணுக்கு இடம்பெயர்வதையும், அரங்கில் பெரும்பாலும் ஆண்களாக இருந்த பார்வையாளர்கள் முடிவில் அவள் பக்கம் நின்று ஆரவாரம் செய்வதையும் அவர் கவனித்தார். இதைப் படத்தில் சோதித்துப் பார்ப்பது எளிது. யார் சன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள், யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். ‘ஹாலோவீன்’ படத்தில் ஜேமி லீ கர்ட்டிஸ் நடித்த லாரி, கொலை எதுவும் அவளை நெருங்குவதற்கு வெகுமுன்பே, வகுப்பறைச் சன்னலில், வேலியோரத்தில், துணி காயும் கொடிகளுக்கு நடுவில் கொலையாளியைப் பார்த்துவிடுகிறாள்.

ஒழுக்கமான பெண் பிழைப்பாள், காதலனோடு இருப்பவள் சாவாள் என்ற விதியை நீங்கள் பல இடங்களில் படிக்க நேரும். பின்வந்த படங்கள் பலவற்றுக்கு அது பொருந்தும் என்பதையும், பெண்ணுடலை வெட்டுவதற்காகவே வைத்திருக்கும் படங்கள் இந்த வகையில் ஏராளம் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அப்படியொரு தண்டனையைத் தாம் நினைக்கவில்லை என்றும், மற்றவர்களின் கவனம் வேறெங்கோ இருக்க லாரி மட்டும் விழிப்பாக இருந்தாள் என்றும் கார்பென்டர் விளக்கியிருக்கிறார். ஏமி ஹோல்டன் ஜோன்ஸ் இயக்கி, பெண்ணியவாதியான ரீட்டா மே பிரவுன் எழுதிய ‘தி ஸ்லம்பர் பார்ட்டி மாஸகர்’ (1982) படத்தையும் பார்த்துவிட்டு உங்கள் முடிவுக்கு வாருங்கள்.

பின்னோக்கியும் முன்னோக்கியும்

இவற்றைப் பார்த்தபின் இத்தாலிக்குத் திரும்பலாம். மரியோ பாவாவின் ‘எ பே ஆஃப் பிளட்’ (1971) படத்தில் நீர்நிலை, வந்து தங்கும் இளைஞர்கள், வகைவகையான ஆயுதங்கள் எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. அதிலுள்ள ஒரு கொலை, ‘ஃப்ரைடே தி தேர்டீன்த்’தின் இரண்டாம் பாகத்தில் ஏறத்தாழ அப்படியே வருகிறது. தாமே ஒளிப்பதிவும் செய்த பாவா, தண்டவாளம் போட்டுக் கேமராவை நகர்த்த வசதியில்லாமல் குழந்தைகளின் விளையாட்டு வண்டியில் அதை வைத்து இழுத்தார். இந்த இத்தாலிய மரபு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ (1984) பார்த்தவர்கள், கொலையை முன்கூட்டியே மனக்கண்ணில் காணும் பெண்ணின் கதையை லூசியோ ஃபுல்சியின் 1977 படம் ஒன்றில் மறுபடி சந்திப்பார்கள்.

வெஸ் கிரேவனின் ‘ஸ்க்ரீம்’ (1996) படத்தைக் கட்டாயம் பின்னுக்குத் தள்ளிவையுங்கள். அதன் தொடக்கக் காட்சியில் வரும் ஒரு வினாவிடை, ‘ஃப்ரைடே தி தேர்டீன்த்’தின் முடிவைப் போட்டு உடைத்துவிடுகிறது. டேமியன் லியோனின் ‘டெரிஃபையர்’ (2016) அதற்கும் பிறகு. ரத்தத்தை மறைக்காமல் நெடுநேரம் காட்டும் அந்தப் படத்தை முதலில் பார்த்துவிட்டு இந்த வகையையே வெறுத்தவர்களை நான் அறிவேன்.

எந்தப் படமானாலும், முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலை இறுதிவரை படியுங்கள். ஒரே பெயர் எத்தனை வேலைகளில் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ‘டெரிஃபையர்’ படத்தின் எழுத்து, இயக்கம், படத்தொகுப்பு, ரத்த ஒப்பனை எல்லாவற்றிலும் லியோனின் பெயரே வரும். ‘ஹாலோவீன்’ இசையை வாசித்ததாக ‘பவுலிங் கிரீன் ஃபில்ஹார்மனிக்’ என்ற வாத்தியக்குழுவின் பெயர் வரும். அப்படி ஒரு குழுவே கிடையாது. கார்பென்டர் வளர்ந்த ஊர் பவுலிங் கிரீன். விசைப்பலகை முன் உட்கார்ந்திருந்தது அவரேதான்.